சாதி நாயும் செவிட்டுக் குட்டியும்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலை நாம் அறியாத சாலையன்று. ஆனி பிறந்து சாரல் அடிக்கத் தொடங்கிவிட்டால் பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் மக்களால் நிரம்பி வழியும். தலையிலே எண்ணெய், தோளிலே ஈரத் துண்டு, கையிலே மங்குஸ்தான் பழப் பொட்டலம்! குளித்துக் களித்துத் திரும்பும் வழியில் சிலருக்கு ஒரு நாய்க்குட்டியின்மீதும் ஆசை பிறந்துவிடுகிறது. அப்படி ஆசைப்பட்ட தோழர் ஒருவருக்குத் துணையாகச் சென்ற சாரல் காலத்தில் நானும் போனேன். சாலையைவிட்டுச் சற்று உள்ளடங்கிய வீடு. வேப்பமர நிழல் விழுந்த முற்றம்.

முற்றத்தில் ஆறு குட்டிகள். பிறந்து ஆறு வாரம் இருக்கும். பாலிலே தோய்த்தெடுத்தாற்போன்ற வெண்மை. மூக்கு நுனியில் தாமரை இதழின் சிவப்பு. இராசபாளையம் இனம். வீட்டுக்காரர் மீசை நரைத்தவர்; பெட்டைகளைப் பெற்ற மக்களைப்போல் பேணுபவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவது அவருடைய உள்ளத்தின்மீது வைக்கும் குற்றச்சாட்டு அன்று.

"சுத்தமான இரத்தம், அண்ணாச்சி! ஒரு சொட்டு வெளியிலிருந்து வரவில்லை," என்றார்.

"தகப்பன் நாய் எது?"

"அதுவும் நம் வீட்டு நாய்தான். பெட்டையோடு கூடப் பிறந்தது. ஒரே ஈற்று. அதனால்தான் இந்த வெள்ளை!"

பெருமிதத்தோடு அவர் கூறி வாய் மூடவில்லை. உள்ளேயிருந்து வந்த அம்மையாரின் கையிலிருந்த செம்பு நழுவிக் கல் தரையில் விழுந்தது. ஐந்து குட்டிகள் துள்ளி எழுந்து மூலைக்கொன்றாய்ச் சிதறின. ஆறாவது குட்டி அசையவில்லை. செம்பு உருண்டு அதன் வால்மாட்டில் வந்து நின்றது, குட்டி உறங்கிக்கொண்டிருந்தது.

"அது சாது, அண்ணாச்சி. எதற்கும் பதறாது. பட்டணத்து வீட்டுக்கு ஏற்றது," என்றார் அவர்.

சாதுவாம்! அந்தக் குட்டிக்குக் காது கேட்கவில்லை, தோழர்களே.

நம்மிடையே இப்படிப்பட்ட நாய்க்கு வழங்கும் பெயரை எண்ணிப் பாருங்கள். 'சாதி நாய்' என்கிறோம்! தெருவிலே திரிவது வெறும் நாய். சங்கிலியிலே கிடப்பது சாதி நாய். மேடையேறிச் சாதியின் ஆணிவேரைப் பறிப்போம் என்று முழங்கும் இளைஞர், வீடு திரும்பியதும் தம் நாயின் கழுத்தைத் தடவி, 'ஏழு தலைமுறையாய்க் கலப்பே இல்லை' என்று பூரிப்பதை நான் கண்டிருக்கிறேன். நாய்க்குச் சாதி இருந்தால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பீர்கள். இனம் என்பது வேறு; இனத்தைச் சுற்றி எழுப்பும் மதில் வேறு. மதில் கெடுப்பது இனத்தையே என்பதுதான் என் வழக்கு.

எவ்வாறு கெடுக்கிறது? உயிரின் ஒவ்வொரு கூறுக்கும் இரண்டு படிகள் உண்டு. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. பழைய ஏட்டுச் சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுவடியில் ஓரிடத்தைச் செல்லரித்திருந்தால், வேறு ஊரில் கிடைத்த மற்றொரு சுவடியை வைத்து அவ்விடத்தைப் படித்துவிடலாம். இரண்டு சுவடியும் அந்த அரித்த ஏட்டைப் பார்த்தே எழுதப்பட்டவை என்றால்? அந்த வரி போயிற்று. எந்தப் புலவராலும் மீட்க இயலாது. ஒடுங்கு மரபணு என்று அறிவியலார் கூறும் குறைகள் இப்படித்தான் ஒளிந்து கிடக்கின்றன. நல்ல படி ஒன்று பக்கத்திலே இருக்கும்வரை அவை தலைகாட்டுவதில்லை. அண்ணனும் தங்கையும் இணைந்து ஈன்ற குட்டியிலோ, நூற்றுக்கு 25 இடங்களில் இரண்டு படியும் ஒரே மூலத்தின் நகலாக இருக்கும் என்பது கணக்கு. தகப்பனை மகளோடு சேர்த்தாலும் அதே 25. தாய் வேறு, தகப்பன் ஒன்று என்றால் 12½. இப்படித் தலைமுறைதோறும் செய்துகொண்டே போனால் ஈற்றுக்குக் குட்டிகள் குறையும். பிறந்தவற்றுள் முலை தேடும் வலுவின்றி மடிவன பெருகும். நோய் வந்தால் எதிர்த்து நிற்கும் ஆற்றல் தளரும்.

செவிட்டுத்தன்மை வேறு வழியில் வருவது. அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிடில் நாய் வளர்ப்போர் நம்மை மடக்கிவிடுவர். தோலுக்கு நிறம் தரும் நுண்ணறைகள் உட்செவியிலும் இருக்கின்றன. அவை அங்கே இருந்தால்தான் ஒலியை உணரும் மயிரணுக்கள் வாழும். வெண்மையை நாடி நாடித் தெரிவு செய்யும்போது அந்த நிற அறைகள் உட்செவிக்குப் போய்ச் சேராமலே போகின்றன. பிறந்த சில வாரங்களில் மயிரணுக்கள் பட்டுவிடுகின்றன. நீலக் கண்ணுள்ள வெள்ளைப் பூனைகள் பெரும்பாலும் செவிடாக இருப்பதை 1859-லேயே டார்வின் குறித்து வைத்தார். ஆக, உறவுக்குள் சேர்ப்பது ஒரு தவறு, பால் வெள்ளைக்கு ஏங்குவது மற்றொரு தவறு. இரண்டும் நம் முற்றத்தில் கைகோத்துக்கொள்கின்றன. வண்ணக் குட்டி பிறந்தால் ஒதுக்கிவிடுவதும், ஓசையின்றித் தீர்த்துவிடுவதும் இந்த இனத்தை வளர்த்தோரிடையே நெடுநாள் வழக்கம். ஒதுக்கப்பட்ட அக்குட்டியே நல்ல செவியைக் கொண்டிருந்தது என்பதை எவர் எண்ணினார்?

வெள்ளைக்காரனும் இதே படுகுழியில் விழுந்தவன்தான். கறுப்புப் புள்ளியிட்ட டால்மேசியன் நாயைப் பார்த்திருப்பீர்கள். அவ்வினத்தில் பத்துக்கு மூன்று நாய்கள் வரை ஒரு செவியோ இரு செவியோ கேளாதவை என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டின. பிறக்கும்போதே உடலில் பெரிய நிறத்திட்டோடு பிறக்கும் டால்மேசியன் குட்டிகளில் செவிடு குறைவு. ஆனால் அத்திட்டுள்ள நாய், கண்காட்சி விதிகளின்படி தகுதியற்றது! கேட்கும் காதுக்குத் தண்டனை. கேளாத காதுக்குப் பதக்கம். புராணிகர்கள்கூட இப்படியொரு நீதி எழுதத் துணியார்.

அதே டால்மேசியனின் மற்றொரு கதையைக் கேளுங்கள். சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து கல்லாகிற குறை அவ்வினம் முழுவதும் பரவிவிட்டது. நல்ல படியைத் தேட இனத்துக்குள் வழியில்லை; எல்லாச் சுவடியும் அரித்தவை. ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலறிஞர் 1973-இல் ஒரு டால்மேசியனைப் பாயின்டர் இனத்து நாய் ஒன்றோடு சேர்த்தார். பிறந்தவற்றுள் நல்ல படி பெற்ற குட்டியை மீண்டும் டால்மேசியனோடு, அதன் குட்டியை மீண்டும் டால்மேசியனோடு என்று தொடர்ந்தார். ஐந்தாம் தலைமுறையில் பாயின்டரின் பங்கு 32-இல் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆனால் நோய் நீக்கிய அந்த ஒரு மரபணு நிலைத்துவிடும். கண்ணுக்கு அவை டால்மேசியனே. சிறுநீரகத்துக்கு மட்டும் விடுதலை. தூய்மைக் காவலர்கள் ஒப்பினார்களா? பதிவேட்டில் இடமில்லை என்று கதவடைத்தார்கள். அமெரிக்கச் சங்கம் அவற்றை ஏற்றது 2011-இல்! ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், நோயைத் தூய்மை என்று போற்றினார்கள்.

இந்தப் பதிவேட்டு வைதிகம் எப்போது பிறந்தது? இலண்டனில் கென்னல் கிளப் 1873-இல் தோன்றியது. மறு ஆண்டே தேர்ந்த நாய்களின் வம்சப் பதிவேடு அச்சாயிற்று. பத்தாண்டு கழித்து, 1883-இல், மனிதரையே இவ்வாறு தெரிந்தெடுத்துப் பெருக்கலாம் என்ற கொள்கைக்குக் கால்டன் பெயர் சூட்டினார். ஒரே காற்றில் முளைத்த இரு செடிகள். இரண்டாவது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 20-ஆம் நூற்றாண்டு கண்டது. முதலாவதன் கணக்கு 2008-இல் வெளிவந்தது. பிரிட்டனில் ஏறக்குறைய 20,000 பாக்ஸர் நாய்கள். இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது அவற்றின் மரபு வேறுபாடு, உறவில்லாத 70 நாய்களிடம் இருக்கும் அளவே இருந்தது. தலை இருபதாயிரம், உயிர்ச்செல்வம் எழுபது! அதன் பிறகே, 2009-இல், உடன்பிறந்தவற்றையும் பெற்றதையும் பிறந்ததையும் சேர்த்து ஈன்ற குட்டிகளைப் பதிவதில்லை என்று அச்சங்கம் விதி செய்தது. அவன் விட்டொழித்த பழக்கத்தை நாம் 'பரம்பரைப் பெருமை' என்று பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இருபதாயிரம் நாய் உள்ள இனத்துக்கே இக்கதி என்றால், வீட்டுக்கு இரண்டு பெட்டையும் ஊருக்கு ஒரு கடுவனுமாக வளர்க்கும் நம் பக்கத்து நிலை என்ன? தென்காசி முதல் கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி வழியே இராசபாளையம் வரையுள்ள ஊர்களில் 20 பெட்டைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பேர் பெற்ற கடுவன் ஒன்று. எல்லாரும் பெட்டையை அதனிடமே ஓட்டிச் செல்கிறார்கள். தலை எண்ணினால் 21. செவால் ரைட் என்ற அறிஞர் 1931-இல் வகுத்த கணக்கை இட்டுப் பாருங்கள்: கடுவன் தொகையைப் பெட்டைத் தொகையால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத் தலையால் வகுக்க வேண்டும். 80-ஐ 21-ஆல் வகுத்தால் நான்குகூட வரவில்லை! இருபத்தொரு நாய், மரபுக் கணக்கில் நான்கு நாய்க்கும் குறைவு. தலைமுறைக்கு நூற்றில் 13 பங்கு வேறுபாடு கரைந்தோடும். அதே 21 தலையில் கடுவன் ஐந்து, பெட்டை பதினாறு என்று மாற்றுங்கள். 320-ஐ 21-ஆல் வகுக்க, 15 வருகிறது. இழப்பு நூற்றில் 3 பங்காகக் குறைகிறது. ஒரு காசு கூடுதல் செலவில்லை. பேர் பெற்ற கடுவன்மீதுள்ள பக்தியை மட்டும் விட்டால் போதும். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் கால்நடை இனங்களுக்குச் சொல்லும் குறைந்த அளவு 50. அதை எட்டத் தென்காசியும் இராசபாளையமும் சங்கரன்கோவிலும் கோவில்பட்டியும் ஒன்றோடொன்று பேச வேண்டும். ஒவ்வொருவரும் தம் கொல்லைக்குள் அடைந்து கிடந்தால் ஆகாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். "கலப்பு, கலப்பு என்கிறீரே! வெள்ளையாக உள்ள வெளிநாட்டு நாயைக் கொண்டுவந்து சேர்த்து, இராசபாளையம் என்று சொல்லி விற்று, நம் நாட்டு இனத்தையே அழிக்கிறார்களே, அது உமக்கு உடன்பாடோ?" என்பர். நல்ல கேள்வி, கேட்பவர் பக்கமும் நியாயம் உண்டு. காசுக்காகக் கண்டதைக் கண்டதோடு சேர்ப்பது பித்தலாட்டம். அதற்கு நான் வழக்காட வரவில்லை. ஏட்டிலே எழுதி, ஊரறியச் செய்து, எக்குறையை நீக்க எந்நாயைச் சேர்த்தோம் என்று கணக்கு வைத்துச் செய்வது வேறு. அதற்கும் முன்பாகச் செய்யத்தக்கது ஒன்றுண்டு: இனத்துக்குள்ளேயே இருந்து நாம் தள்ளிவைத்தவற்றை மீண்டும் அழைப்பது. பழுப்புத் திட்டுள்ள இராசபாளையமும் இராசபாளையமே. அதைச் சேர்த்துக்கொள்ள எந்த வெளிநாட்டுக்கும் போக வேண்டியதில்லை.

சிப்பிப்பாறையையும் கன்னியையும் பாருங்கள். கரிசல் நிலத்தில் முயல் விரட்டிய ஒல்லி நாய்கள். உடற்கட்டு ஒன்றே, நிறம்தான் வேறு என்போர் பலர். இல்லை, இரண்டும் இரண்டு இனம், சேர்க்கவே கூடாது என்போரும் பலர். ஓடத் தெரிந்ததா என்று பார்த்துக் குட்டி எடுத்த காலத்தில் இந்தச் சண்டைக்கு நேரமிருந்திருக்காது. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது, நிறுத்தியது நன்றே. ஆனால் ஓட்டம் நின்றதும் கால் பார்த்த கண் தோலைப் பார்க்கத் தொடங்கியது. வேலை போன இடத்தில் நிறம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அரசு என்ன செய்தது என்பீர்கள். 2005-இல் இராசபாளைய நாய்க்கு அஞ்சல் தலை வெளியிட்டார்கள். கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபுவளப் பணியகம் இராசபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கன்னட நாட்டு முதோல் நாயையும் உள்நாட்டு இனங்களாகப் பதிந்தது. சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்கென்று அரசு நடத்திவந்த இனப்பெருக்கப் பிரிவு, உயர்நீதிமன்ற ஆணைப்படி 2016-இல் மூடப்பட்டது. 2017-இல் வந்த நடுவண் விதிகள் 18 மாதம் நிரம்பாத பெட்டையை ஈன வைக்கலாகாது, வாழ்நாளில் 5 ஈற்றுக்கு மேல் ஆகாது என்கின்றன. விதி இருக்கட்டும். முற்றத்துக்குள் வந்து எந்த அதிகாரி எண்ணப்போகிறார்? இது வளர்ப்பவரும் வாங்குபவரும் தீர்க்க வேண்டிய வழக்கு.

அந்த மீசைக்காரரிடம் வேறொரு பெட்டையும் இருந்தது. வாட்டசாட்டமானது, நான்கு வயது. "இது ஏன் தனியாகக் கிடக்கிறது?" என்றேன். ஒருமுறை வேலி தாண்டிப்போய்த் தெருநாயோடு சேர்ந்துவிட்டதாம். "கருப்பை கெட்டுப்போச்சு, அண்ணாச்சி. இனி எந்தச் சாதிக் கடுவனோடு விட்டாலும் அந்தத் தெருநாயின் சாயல் குட்டியில் வந்துவிடும்."

சிரிக்காதீர்கள். இந்த மூடநம்பிக்கைக்கு மேனாட்டிலும் கோயில் இருந்தது. மார்ட்டன் பிரபுவின் பெண்குதிரை ஒன்று குவாகா என்னும் வரிக்குதிரை இனத்தோடு சேர்ந்து, பின்னர்க் குதிரையோடு சேர்ந்து ஈன்ற குட்டியிலும் வரிகள் தெரிந்தன என்று 1821-இல் இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் அச்சாயிற்று. டார்வினே அதை நம்பினார். காசர் யூவார்ட் என்பவர் ஸ்காட்லாந்தில் வரிக்குதிரையையும் பெண்குதிரைகளையும் வைத்துப் பல ஆண்டுகள் பரிசோதித்தார். 1899-இல் முடிவை வெளியிட்டார். முன்னே சேர்ந்த ஆணின் சுவடு பின்னே பிறக்கும் குட்டியில் இல்லவே இல்லை! ஒருமுறை வேலி தாண்டியதால் பெண்ணுடல் என்றென்றைக்கும் தீட்டுப்பட்டது என்ற எண்ணம் எங்கிருந்து நாய்க் கொட்டிலுக்குள் புகுந்தது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆறு பெட்டைக் குடும்பத்தில் ஒன்றைத் தீட்டென்று ஒதுக்கினால், மிச்சம் ஐந்து. கணக்கு மேலும் சுருங்குகிறது.

மனிதனை நாயோடு ஒப்பிடுகிறேன் என்று எவரும் சினக்க வேண்டாம். மனிதன் இனம் பெருக்கும் கொட்டில் அன்று. ஆயினும் எண்கணிதம் முகம் பார்ப்பதில்லை. அக்காள் மகளை மணக்கும் நம் வீட்டு வழக்கத்தில் பிறக்கும் பிள்ளைக்கும் அதே 12½ தான். தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்து 2017-இல் வந்த ஆய்வு, அவற்றுள் 81 குழுக்கள் மிகச் சிலரான முன்னோரிலிருந்து பெருகித் தமக்குள்ளேயே மணந்துவந்த தடயத்தைப் பின்லாந்து மக்களினும் மிகுதியாகக் கொண்டிருப்பதைக் காட்டியது. அகமணத்தின் சுவடு அது. இதை மட்டும் சொல்லிவிட்டு முற்றத்துக்குத் திரும்புகிறேன்.

கொல்லையில் விறகுக் கட்டின் பக்கத்தில் ஏழாவது குட்டி ஒன்று கட்டிக் கிடந்தது. இடப்பக்கச் செவியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு. "அது வெள்ளை தப்பியது. தோட்டக் காவலுக்கு யாராவது கேட்டால் சும்மா கொடுத்துவிடுவேன்," என்றார். செம்பு விழுந்தபோது கொல்லையிலிருந்து குரைத்தது அதுதான். தோழர் அதைத் தூக்கிக்கொண்டார். வெள்ளைக் குட்டியின் விலையையே கொடுத்தார். பெரியவர் திகைத்துப்போனார்.

"வெள்ளைக்குத்தானே விலை, அண்ணாச்சி? வாங்குகிறவர்கள் கேட்பதைத்தானே நான் வளர்க்கிறேன்?"

அவருக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் சாரலுக்கு வந்து காரில் திரும்பும் நாம். நானும் தோழரும் அவரோடு திண்ணையில் அமர்ந்து இரண்டு மணி நேரம் பேசினோம். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிவரச் சொல்லி, ஒவ்வொரு நாய்க்கும் தாய், தகப்பன், அவற்றின் தாய், தகப்பன் என்று அவர் நினைவிலிருந்ததை எழுதினோம். மூன்றாம் தலைமுறைக்குப் போனதும் அவரே நிறுத்தினார். எட்டுப் பெயர் வரவேண்டிய இடத்தில் மூன்று பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன. சற்று நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, சங்கரன்கோவில் பக்கம் ஒருவரிடம் உறவில்லாத கடுவன் ஒன்று உண்டு, அடுத்த பருவத்தில் அங்கே கொண்டுபோகலாம் என்றார்; தீட்டுப்பட்ட பெட்டையையும் சேர்த்துத்தான்! ஒரு செவி மட்டும் கேளாத குட்டியைக் கைதட்டிக் கண்டுபிடிக்க முடியாது, கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னபோது, திருநெல்வேலி இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

செவிட்டுக் குட்டியை விற்பதில்லை என்று அம்மையார் முடிவு சொல்லிவிட்டார். கேளாத நாயைக் கைச்சாடையால் பழக்கலாம். அதன் ஈற்றை மட்டும் எடுக்கலாகாது. நாங்கள் விடைபெற்று எழுந்தபோது பெரியவர் அதன் அருகே சென்று தரையைக் காலால் ஓங்கி மிதித்தார். குட்டி கண் விழித்து, அவர் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டிற்று.